இரு முனைக்கும் ஒரே நிரல்: வலைவழிக் கோப்பு முறையில் பொதுப் பகுதிகளின் இடம்

கணிப்பொறிகள் பல உள்ள அலுவலகத்திலும் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் கோப்புகள் அனைத்தையும் ஒரே பொறியில் வைத்துவிட்டு, ஏனைய பொறிகள் அவற்றைத் தத்தம் வட்டில் உள்ளவற்றைப் போலவே திறந்து படிக்கவும் எழுதவும் வசதி செய்துகொள்ளுதல் இன்று பொதுவான வழக்கமாகும். இவ்வேற்பாட்டுக்குரிய முறைகளுள் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ள ஒன்று, என்.எப்.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் வலைவழிக் கோப்பு முறை. அமெரிக்காவின் ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் நிறுவனத்தார் இதனை 1980-களின் நடுவில் உருவாக்கினர். ரஸ்ஸல் ஸாண்ட்பர்க்கும் அவருடைய தோழர்களும் 1985-ஆம் ஆண்டில் இதன் அமைப்பை ஒரு கட்டுரையில் விவரித்தனர். அம்முறையின் இரண்டாம் பதிப்புக்குரிய விதிகள் 1989-இலும், மூன்றாம் பதிப்புக்குரியவை 1995-இலும், நான்காம் பதிப்புக்குரியவை 2000-இலும் எவரும் படிக்கத்தக்க பொது ஆவணங்களாக வெளியிடப்பெற்றன.

கோப்புகளை வைத்திருந்து வழங்கும் பொறிக்குச் சர்வர் என்றும், அவற்றைக் கேட்டுப் பெறும் பொறிக்குக் கிளையன்ட் என்றும் பெயர். இவ்விரண்டிற்கும் இடையே கம்பியில் செல்பவை கேள்வியும் விடையுமே. “இக்கோப்புறையில் இப்பெயருடைய கோப்பு உளதா?” என்று கிளையன்ட் வினவும். “உளது, அதன் அடையாளம் இது” என்று சர்வர் விடையிறுக்கும். சர்வர் ஒரு நிறுவனத்தின் தயாரிப்பாகவும் கிளையன்ட் வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பாகவும் இருக்கலாம். விதிகள் ஒன்றாயிருந்தால் போதும்.

ஆனால் லினக்ஸ் இயக்க முறையில் இவ்விரு முனைகளும் ஒரே நிரல்தொகுதியில் அடங்கியுள்ளன. (நம் நாட்டில் ஸி-டாக் நிறுவனத்தார் வெளியிட்டுள்ள பாஸ் லினக்ஸும் இதே நிரல்தொகுதியை அடிப்படையாகக் கொண்டதே.) தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. கிளையன்ட் பகுதி 1990-களின் முற்பகுதியிலேயே கர்னல் எனப்படும் கருநிரலுக்குள் இடம்பெற்றுவிட்டது. சர்வரோ கருநிரலுக்கு வெளியே, பிற நிரல்களைப் போலவே தனித்து இயங்கி வந்தது. 1999-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான 2.2 என்னும் பதிப்பில் சர்வரும் கருநிரலுக்குள் புகுந்தது. இரு முனைகளும் ஒரு கூரையின் கீழ் வந்தபின், இரண்டிற்கும் வேண்டிய பகுதிகளைத் தனித்தனியே இருமுறை எழுதுவதா, ஒருமுறை எழுதி இரண்டும் எடுத்தாள விடுவதா என்ற கேள்வி எழுந்தது. ஒருமுறை எழுதுவதே சிக்கனம் என்று எவரும் உடனே கூறிவிடுவர். ஆயினும் இங்கே சிக்கனத்தைவிடப் பெரியதொரு பொருள் பணயமாக உள்ளது. வேறொரு பொறியில் கிடக்கும் கோப்பினை நம்பி எழுதுபவருடைய உழைப்பு வட்டில் சேர்ந்ததா, சேரவில்லையா என்பதே அது.

பிழை எண்களின் பட்டியல்

நம் நாட்டுத் தந்தி அலுவலகங்களில் 2013-ஆம் ஆண்டு ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பெறும்வரை வாழ்த்துத் தந்தி அனுப்புவதற்கு ஓர் எளிய முறை இருந்தது. திருமண வாழ்த்து, பண்டிகை வாழ்த்து முதலிய வாசகங்கள் வரிசை எண்களுடன் ஒரு பட்டியலாக அச்சிடப்பெற்றிருந்தன. அனுப்புபவர் எண்ணை மட்டும் குறித்துக் கொடுப்பார். எண்ணே கம்பியில் செல்லும். மறுமுனையில் உள்ளவர் தம் பட்டியலைப் பார்த்து முழு வாசகத்தையும் எழுதி வழங்குவார். இரு அலுவலகங்களிலும் ஒரே பட்டியல் இருக்கும்வரை இதில் இடையூறு இல்லை. பட்டியல் மாறுபட்டால் மணமக்களுக்குச் செல்ல வேண்டிய வாழ்த்து தீபாவளி வாழ்த்தாகிவிடும்.

என்.எப்.எஸ். முறையில் பிழைகள் அறிவிக்கப்படுவதும் இவ்வாறே. கேட்ட செயல் நிறைவேறவில்லையாயின் அதன் காரணத்தைச் சர்வர் ஓர் எண்ணால் குறிக்கின்றது. அக்கோப்பு இல்லை என்பதற்கு 2. வட்டில் இடமில்லை என்பதற்கு 28. லினக்ஸ் தன்னுள்ளே உபயோகிக்கும் எண்களும் இவ்விரு நேர்வுகளிலும் அவையே. இதைக் கண்டு எல்லா எண்களும் ஒன்றே என்று கருதுபவர் ஏமாறுவர். ஸன் நிறுவனத்தார் அக்காலத்தில் தம்முடைய யூனிக்ஸ் முறையில் வழங்கிய எண்களையே விதியிலும் எழுதிவைத்தனர். லினக்ஸோ பெரும்பாலான பொறிகளில் வேறு வரிசையைப் பின்பற்றுகின்றது. கோப்புறை காலியாக இல்லாமையால் அதை நீக்க இயலாது என்பதற்கு விதியில் உள்ள எண் 66. லினக்ஸில் அதற்கு 39. பெயர் அளவுக்கு மீறி நீண்டது என்பதற்கு விதியில் 63, லினக்ஸில் 36. ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட இட அளவு தீர்ந்தது என்பதற்கு விதியில் 69, லினக்ஸில் 122. கோப்பின் அடையாளம் காலாவதியாயிற்று என்பதற்கு விதியில் 70, லினக்ஸில் 116. இனி, 66 என்ற எண்ணை லினக்ஸ் தன் பட்டியலில் தேடுமாயின் அங்குக் கிடைக்கும் பொருள், “பொருள் தொலைவில் உள்ளது” என்பதாகும். கோப்புறையை நீக்க முயன்றவருக்கு இவ்விடையால் யாது பயன்?

இட ஒதுக்கீடு தீர்ந்த நேர்வைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் நலம். கிளையன்ட் பொறியில் ஒருவர் எழுதும் செய்தி அவ்வப்பொழுதே சர்வருக்குச் செல்வதில்லை. விரைவு கருதி அது கிளையன்டின் நினைவகத்தில் சிறிது காலம் தங்கி, பின்னர் மொத்தமாக அனுப்பப்படுகின்றது. ஆகவே “எழுதியாயிற்று” என்ற விடை முதலில் கிடைத்துவிடும். இடமில்லை என்ற உண்மை கோப்பை மூடும்பொழுதுதான் 69 என்ற எண்ணாக வந்து சேரும். அந்த எண் சரியாக 122 என மாற்றப்பட்டு எழுதும் நிரலுக்கு எட்டினால், அது பயனருக்கு எச்சரிக்கை கொடுக்கலாம். செய்தியை வேறிடத்தில் சேமிக்கலாம். தவறாக மாற்றப்பட்டால் எழுதும் நிரல் அதனை அடையாளங் கண்டுகொள்ளாது. நாள் முழுவதும் பதிந்த கணக்கு இழக்கப்பட்டதற்குக் காரணம் பட்டியலில் ஒரு வரி பிழைபட்டதே என்பதை எவரும் எளிதில் கண்டறிய மாட்டார்.

இப்பட்டியல் பகிர்ந்துகொள்ளத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு நுணுக்கம் உண்டு. கிளையன்ட் விதியின் எண்ணைத் தன் எண்ணாக மாற்றுகின்றது. சர்வர் தன் எண்ணை விதியின் எண்ணாக மாற்றுகின்றது. தமிழ்–ஆங்கில அகராதியும் ஆங்கிலம்–தமிழ் அகராதியும் ஒரே நூல் ஆகா என்பது போல, இவையும் எதிர்த் திசையில் செல்பவை. இதனால் நெடுங்காலம் கிளையன்டின் பட்டியல் கிளையன்டிடமும், சர்வரின் பட்டியல் சர்வரிடமும் இருந்து வந்தன. கிளையன்டின் பட்டியல் 2024-ஆம் ஆண்டில்தான் பொதுவிடத்திற்கு வந்தது. அதற்குரிய காரணம் பின்னர் விளக்கப்பெறும்.

அடித்தளம்

முற்றிலும் பொதுவாயிருப்பது அடித்தளமாகும். தொலைவிலுள்ள பொறியை ஒரு செயல் செய்யுமாறு பணிக்கும் முறை ஆர்.பி.ஸி. எனப்படும். எண்களையும் பெயர்களையும் கம்பியில் எவ்வடிவில் இட வேண்டும் என்ற விதி எக்ஸ்.டி.ஆர். எனப்படும். இவ்விரண்டிற்குமான நிரல்கள் லினக்ஸில் சன்ஆர்பிஸி என்ற ஒரே மாட்யூலில் உள்ளன. கிளையன்டும் சர்வரும் இதன்மீதே நிற்கின்றன.

எக்ஸ்.டி.ஆர். விதிப்படி சாதாரண முழு எண் ஒவ்வொன்றும் நான்கு பைட்டுகளில், பெரிய மதிப்புள்ள பைட் முன்னதாக எழுதப்படும். 1 என்ற எண் கம்பியில் 0, 0, 0, 1 எனச் செல்லும். இன்டெல் வகைப் பொறியோ தன் நினைவகத்தில் அதனை 1, 0, 0, 0 எனத் தலைகீழாக வைக்கின்றது. திருப்பாமல் அப்படியே அனுப்பினால், பெறுபவர் அதனை 1,67,77,216 என்று படிப்பார். பெயர்களுக்கு முதலில் நீளத்தைக் குறிக்கும் நான்கு பைட்டுகளும், பின்னர் எழுத்துகளும், இறுதியில் மொத்தம் நான்கின் மடங்காகும்வரை வெற்றுப் பைட்டுகளும் வரும். தமிழ்ப் பெயர் இட்ட கோப்பினை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். யூனிகோட் முறையின் யு.டி.எப்.-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் பெறும். ‘கணக்கு’ என்ற பெயரில், புள்ளியும் உகரக் குறியும் சேர்த்து ஆறு குறிகள் உள்ளன. ஆகவே 18 பைட்டுகள். நீளத்திற்கு 4-ம் நிரப்புவதற்கு 2-ம் சேர, கம்பியில் செல்வது 24 பைட்டுகள். பெயருக்கு உச்ச அளவு 255 பைட்டுகள் எனின், தமிழ்ப் பெயர் 85 குறிகளோடு நின்றுவிட வேண்டும் என்பதும் இதிலிருந்து பெறப்படும். மேலே கூறிய 63 என்ற பிழை எண் ஆங்கிலப் பெயரைக் காட்டிலும் தமிழ்ப் பெயருக்கு விரைவில் வந்து நிற்பதன் காரணம் இதுவே.

கேட்பவரே வழங்குபவராதல்

கிளையன்ட் எப்பொழுதும் கேட்கும், சர்வர் எப்பொழுதும் விடை கூறும் என்பது முதற்பாடத்திற்குப் போதுமானது. முழு உண்மை அன்று. கோப்பினைப் பூட்டும் நேர்வில் அது தலைகீழாகின்றது. வேறொருவர் பூட்டிவைத்துள்ள கோப்பினை ஒரு கிளையன்ட் தனக்கெனப் பூட்ட விரும்பினால், “காத்திருக்க” என்று சர்வர் கூறிவிடும். பின்னர்ப் பூட்டு விடுபட்டதும், “இப்பொழுது உமக்குக் கிடைத்தது” என்று சர்வரே கிளையன்டை அழைத்துச் சொல்ல வேண்டும். அந்த அழைப்பில் சர்வர் கேட்பவராகவும் கிளையன்ட் விடை கூறுபவராகவும் மாறிவிடுகின்றனர். இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் பூட்டுவதற்கெனத் தனி விதிமுறை இருந்தமையால், லினக்ஸில் லாக்டி என்னும் ஒரே மாட்யூல் இரு பக்கத்துப் பூட்டுப் பணியையும் ஏற்றுக்கொண்டுள்ளது. இங்கே பகிர்வு விருப்பத்தைப் பொறுத்தது அன்று. பணியின் இயல்பே அதனை வேண்டுகின்றது.

நான்காம் பதிப்பில் பூட்டு முதன்மை விதியிலேயே சேர்க்கப்பட்டது. ஆனால் திரும்ப அழைக்கும் தேவை நீங்கவில்லை, மாறாக வளர்ந்தது. ஒரு கோப்பினைச் சிறிது காலம் தன் விருப்பம்போல் கையாளும் உரிமையைச் சர்வர் ஒரு கிளையன்டுக்குக் கொடுத்துவைக்கலாம். பிறர் அக்கோப்பினைக் கேட்டால் அவ்வுரிமையைத் திரும்பக் கேட்க வேண்டும். ஆதலின் கிளையன்டுக்குள் ஒரு சிறு சர்வரும், சர்வருக்குள் ஒரு சிறு கிளையன்டும் குடியிருக்கின்றன. அடித்தள நிரல் பொதுவாயிராவிடின் இது இருமடங்கு வேலையாகியிருக்கும்.

நிற்க. 2005-ஆம் ஆண்டில் லினக்ஸ் நிரல்தொகுதியில் இரு முனைக்கும் பொதுவானவற்றுக்கென்றே ஒரு தனிக் கோப்புறை அமைந்தது. அதில் குடிபுகுந்தது அணுகல் உரிமைப் பட்டியலுக்குரிய நிரலாகும். ஒரு கோப்பினை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதைக் குறிக்கும் இப்பட்டியலில், மிகச் சுருங்கிய வடிவில், லினக்ஸ் மூன்று வரிகளை வைக்கின்றது: உரிமையாளர், குழுவினர், ஏனையோர். ஸன் நிறுவனத்தின் ஸோலாரிஸ் முறையோ நான்கு வரிகளை எதிர்பார்க்கின்றது. உச்ச வரம்பு காட்டும் வரியொன்று அதில் கட்டாயம். அந்த நான்காவது வரி குழுவினருக்குரிய உரிமையையே மீண்டும் கூறும். எனவே அனுப்பும்பொழுது ஒரு வரியைச் சேர்க்கவும், பெறும்பொழுது மிகையான அவ்வரியை அடையாளங் கண்டு நீக்கவும் வேண்டும். கிளையன்ட் பட்டியலை எழுதவும் படிக்கவும் செய்கின்றது, சர்வரும் அவ்வாறே. இத்தகைய நுட்பமான இசைவை இருவர் இருவிடத்தில் எழுதினால், ஒருவர் திருத்தியதை மற்றவர் திருத்தாமல் விட்டுவிடுவது உறுதி. உரிமைப் பட்டியலில் நேரும் பிழையோ கோப்பினைக் காணக்கூடாதவர் காணுமாறு செய்துவிடும்.

பகிரக்கூடாதவை

இனி மறுபக்கம். விண்ணப்பப் படிவத்தை நிரப்புபவரும் அதனைச் சரிபார்ப்பவரும் ஒரே படிவத்தைக் கையாளுகின்றனர். ஆனால் அவர்தம் வேலை ஒன்றன்று. சன்ஆர்பிஸி மாட்யூலிலேயே இதற்குச் சான்று உள்ளது. “இக்கோரிக்கையை விடுப்பவர் இன்னார்” என்ற குறிப்பை எழுதும் கிளையன்ட் நிரல் ஒரு கோப்பிலும், அக்குறிப்பை ஆராய்ந்து ஏற்கும் அல்லது மறுக்கும் சர்வர் நிரல் வேறொரு கோப்பிலும் வைக்கப்பெற்றுள்ளன. ஒரே கேள்வி இரண்டாம் முறை வந்தால் அதனை அடையாளங் கண்டு பழைய விடையையே திரும்ப அனுப்புவதும் சர்வருக்கு மட்டும் உரிய கவலை. பொருந்தாத இவ்விரு வேலைகளை ஒரே நிரலில் திணித்து, “கிளையன்ட் எனின் இவ்வாறு, சர்வர் எனின் அவ்வாறு” என்று கிளை பிரித்துக்கொண்டே செல்வது பகிர்வு ஆகாது. இரு நிரல்களை ஒரு சாக்கில் கட்டுவதேயாகும்.

மற்றோர் அபாயம் மிக நுட்பமானது. பொதுப் பகுதியில் பிழை இருந்தால் இரு முனைகளும் ஒரே பிழையைச் செய்யும். தமக்குள் முழு உடன்பாட்டோடும் செய்யும். மேற்கூறிய பைட் வரிசையையே எடுத்துக்கொள்வோம். பொது நிரல் ஓரிடத்தில் எண்ணைத் திருப்ப மறந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், இரண்டு இன்டெல் பொறிகளுக்கிடையே யாதொரு குறையும் தென்படாது. ஒருவர் தலைகீழாக எழுதியதை மற்றவர் தலைகீழாகவே படித்துக்கொள்வார். சோதனைகள் எல்லாம் வெற்றி பெறும். பெரிய பைட்டை முன்வைக்கும் ஸ்பார்க் வகைப் பொறி ஒன்று அவ்வலைப்பின்னலில் சேரும் நாளில்தான் குட்டு வெளிப்படும். தனித்தனியே எழுதப்பட்ட இரு முனைகளாயின், ஒருவருடைய பிழையை மற்றவர் முதல் நாளிலேயே காட்டிக்கொடுத்திருப்பார். இதனை உணர்ந்தே ஸன் நிறுவனத்தார் 1980-களிலேயே கனெக்டத்தான் என்ற பெயரில் பல நிறுவனத்தாரையும் ஓரிடத்தில் கூட்டி, ஒருவர் கிளையன்டை மற்றவர் சர்வரோடு இணைத்துப் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கினர். நிரலைப் பகிர்ந்துகொள்பவர்க்கு இத்தகைய வெளிச்சோதனை கூடுதலாகவே வேண்டும்.

கையால் எழுதிய நிரலைப் பகிர்வதற்குப் பதிலாக விதியின் வாசகத்தையே பகிர்வது இடைவழியாகும். விதியை ஒரு குறிப்பிட்ட மொழியில் எழுதிக் கொடுத்தால், அதிலிருந்து கிளையன்டுக்கு எழுதும் நிரலும் சர்வருக்குப் படிக்கும் நிரலும் தாமே உண்டாகுமாறு செய்யும் ஆர்பிஸிஜென் என்னும் கருவியை ஸன் நிறுவனத்தார் முன்னரே ஆக்கியிருந்தனர். லினக்ஸ் கருநிரலுக்கென எக்ஸ்டிஆர்ஜென் என்ற அத்தகைய கருவி 2024-இல் சேர்க்கப்பெற்றது. திசைகள் இரண்டாயினும் மூலம் ஒன்றே என்பதால் பட்டியல்கள் மாறுபட வழியில்லை.

ஒரே பொறியில் இரு முனையும்

சர்வரும் கிளையன்டும் ஒரே பொறியில் இயங்குதல் வீண் எனத் தோன்றலாம். ஆனால் கன்டெய்னர் எனப்படும் தனித் தடுப்பறைகளாக ஒரு பொறியைப் பிரித்து, ஓர் அறையில் சர்வரையும் மற்றோர் அறையில் கிளையன்டையும் இயக்குவது இக்காலத்தில் பெருகியுள்ளது. அந்நிலையில் ஒரு சுவருக்கு அப்பால் உள்ளவருக்குத் தபாலில் கடிதம் போடுவது போல, செய்தி முழுவதும் வலைப்பின்னல் நிரல்களைச் சுற்றிக்கொண்டு வருகின்றது. இதனைத் தவிர்ப்பதற்கு, 2024-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் லோக்கல்ஐஓ என்ற வசதி சேர்க்கப்பெற்றது.

எதிரில் இருப்பவர் இதே பொறியில்தான் உள்ளாரா என்பதை முதலில் அறிய வேண்டும். முகவரிகளை ஒப்பிட்டுப் பயனில்லை; தடுப்பறைகள் ஒவ்வொன்றும் தனிப் பொறி போலவே தோற்றமளிக்கும். இதற்குக் கண்ட வழி பாராட்டத்தக்கது. கிளையன்ட் 128 பிட் நீளமுள்ள, பிறர் எவருக்கும் அமையாத ஓர் எண்ணை ஆக்கி, அதனைப் பொதுப் பகுதியில் உள்ள ஒரு பட்டியலில் எழுதிவைக்கின்றது. பின்னர் அவ்வெண்ணை வலை வழியே சர்வருக்கு அனுப்புகின்றது. சர்வர் தன் பொறியின் பொதுப் பட்டியலில் அதனைத் தேடுகின்றது. கிடைத்துவிட்டால் இருவரும் ஒரே கருநிரலில் உள்ளனர். கிடைக்காவிடில் சர்வர் வேறு பொறியில் உள்ளது. இங்கே பொதுப் பகுதி உழைப்பை மிச்சப்படுத்தும் ஏற்பாடாக மட்டும் நில்லாமல், இருவரும் ஓரிடத்தவர் என்பதற்குச் சாட்சியாகவும் ஆகின்றது.

அடையாளங் கண்டபின் கிளையன்ட் சர்வரின் துணையோடு கோப்பினைத் திறக்கின்றது. உரிமைச் சோதனைகள் சர்வர் பக்கத்திலேயே நடைபெறுகின்றன, அவை தளர்த்தப்படவில்லை. திறந்தபின் படிப்பதும் எழுதுவதும் வலையின்றி நேரே நிகழ்கின்றன. திறக்க இயலாதபொழுதுதான் பழைய எண் சிக்கல் மீண்டும் தலைகாட்டிற்று. சர்வரின் நிரல் கூறும் பிழை விதியின் எண்ணில் உள்ளது. கம்பி இருந்த காலத்தில் அதனைக் கிளையன்ட் தன் வாசலில் மாற்றிக்கொண்டது. இப்பொழுது கம்பியும் இல்லை, வாசலும் இல்லை. 69 என்பதை 122 என்று சர்வர் பக்கமே மாற்றித் தர வேண்டியதாயிற்று. கிளையன்டுக்கு மட்டும் உரியதாயிருந்த பட்டியலைப் பொதுக் கோப்புறைக்குக் கொண்டுவந்ததன் காரணம் இதுவே. படியெடுத்து வைத்திருந்தாலும் வேலை நடந்திருக்கும். ஆனால் பிழைபடக்கூடிய இடம் ஒன்றுக்கு இரண்டாகியிருக்கும்.

இவ்விணைப்பால் சர்வர் வேண்டாத பொறிகளிலும் சர்வர் நிரலைச் சுமக்க நேருமோ என்ற ஐயம் எழலாம். அவ்வாறு நேரவில்லை. கிளையன்ட் சர்வரை நேரே அழைப்பதில்லை. பொதுப் பகுதியில் செயல்களின் முகவரிகளுக்கென ஒரு சிறு அட்டவணை உள்ளது. சர்வர் ஏற்றப்படும்பொழுது அதில் தன் முகவரிகளை நிரப்புகின்றது. கிளையன்ட் அவ்வட்டவணையைப் பார்த்தே நடந்துகொள்கின்றது.

கணிப்பொறி ஆய்வுக்கூடம் உள்ள இடங்களில் ஆசிரியர்கள் இவ்வமைப்பை மாணவர்க்குக் கண்கூடாகக் காட்டலாம். என்.எப்.எஸ். வழங்கும் லினக்ஸ் பொறியில் எல்எஸ்மாட் என்னும் கட்டளையை இட்டால், ஏற்றப்பட்டுள்ள மாட்யூல்களும், ஒவ்வொன்றையும் எடுத்தாளுபவை எவை என்பதும் வரிசையாகத் தோன்றும். வழக்கமான அமைப்பில், சன்ஆர்பிஸி என்ற வரிக்கு எதிரே, கிளையன்ட் மட்டும் உள்ள பொறியில் என்எப்எஸ் என்ற பெயரும், சர்வர் உள்ள பொறியில் என்எப்எஸ்டி என்ற பெயரும், இரண்டும் உள்ள பொறியில் அவ்விரு பெயர்களுமே காணப்படும். லாக்டியின் பெயரையும் அங்கே காணலாம். அவை யாவும் இறக்கப்படும்வரை சன்ஆர்பிஸியை இறக்குமாறு கட்டளையிட்டால், அது பயன்பாட்டில் உள்ளது என்று கருநிரல் மறுத்துவிடும்.